டிரை கிளட்சும் வெட் கிளட்சும்: சிறிய எஸ்யூவிகளில் இரட்டைக் கிளட்ச்சின் வரலாறு

இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் என்பது ஒரே கூட்டுக்குள் அடைக்கப்பட்ட இரண்டு கியர்பாக்ஸ்கள். ஒன்றில் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை கியர்கள் இருக்கும். மற்றொன்றில் 2, 4, 6 என்று இரட்டைப்படை கியர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஷாஃப்ட், தனி கிளட்ச். இடத்தை மிச்சப்படுத்த ஒரு ஷாஃப்ட் குழாய்போல இருக்க, மற்றொன்று அதற்குள் நுழைந்து செல்லும். கார் மூன்றாம் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஷாஃப்டில் நான்காம் கியர் கோத்துத் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விடும் அதே கணத்தில் மற்றொன்று பிடிக்கும். கையால் கியர் மாற்றும்போது எஞ்சினின் இழுவை ஒரு கணம் அறுபடும். இதில் அது அறுபடுவதில்லை. டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெயின் வழியே சக்தி கடத்தப்படும்போது வரும் இழப்பும் இல்லை.

அந்த இரண்டு கிளட்சுகளும் எப்படி இருக்கின்றன என்பதில்தான் இரண்டு மரபுகள் பிரிகின்றன. டிரை கிளட்சின் தட்டுகள் காற்றில் நிற்கும். உராய்ந்து எழும் வெப்பம் முதலில் கனமான வார்ப்பிரும்புத் தட்டில் ஏறி, பிறகு சுற்றியுள்ள காற்றில் கலக்கும். கையால் கியர் மாற்றும் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது இந்த வகைதான். வெட் கிளட்சில் பல மெல்லிய தட்டுகள் அடுக்கப்பட்டு எண்ணெயில் நனைந்திருக்கும். வெப்பத்தை அந்த எண்ணெயே அள்ளிச் சென்று கூலரில் விடும். இந்தியச் சாலைகளில் ஓடும் மோட்டார்சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது இந்த வகை. உலர்ந்த தட்டின் உராய்வுக் குணகம் 0.3-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். எண்ணெயில் நனைந்த தட்டில் அது 0.1 அளவுக்கு இறங்கிவிடும். அதனால் வெட் கிளட்சுக்குத் தட்டுகள் அதிகம் வேண்டும், அழுத்தமும் அதிகம் வேண்டும், எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப்பும் வேண்டும். பம்ப் எஞ்சினின் சக்தியைத் தின்னும். விடுபட்டு நிற்கும் தட்டுகளுக்கு இடையிலுள்ள எண்ணெயும் சிறிது சக்தியை இழுத்துக்கொள்ளும். டிரை கிளட்ச் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது என்ற வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த அமைப்பை முதலில் எண்ணிப் பார்த்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் அடோல்ஃப் கெக்ரெஸ். 1879-இல் பிறந்த இவர், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் கார்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தவர். முன்னால் சக்கரமும் பின்னால் பட்டையும் கொண்ட பனிவண்டிகளை அங்கே உருவாக்கினார். புரட்சிக்குப் பின் பிரான்ஸ் திரும்பினார். சிட்ரோயன் நிறுவனத்தின் புகழ்பெற்ற சகாரா பயணத்துக்கும் அவருடைய பட்டைகளே பயன்பட்டன. 1939 வாக்கில் சிட்ரோயன் டிராக்சியோன் அவான் காருக்காக இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் ஒன்றை வகுத்தார். உலகப்போர் மூண்டது, 1943-இல் அவரும் இறந்துபோனார். இரண்டு கிளட்சுகளை ஒரே கணத்தில் பிசகாமல் இயக்க மின்னணுக் கட்டுப்பாடு தேவை. அது வருவதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன.

1980 வாக்கில் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் இருந்த ஆட்டோமோட்டிவ் பிராடக்ட்ஸ் நிறுவனம், ஹாரி வெப்ஸ்டரின் தலைமையில், ஃபோர்டு ஃபியஸ்டா போன்ற சிறிய கார்களில் இதைப் பொருத்திச் சோதித்தது. அதே காலத்தில் போர்ஷே தன் பந்தயக் கார்களான 956, 962 ஆகியவற்றில் பி.டி.கே. என்ற பெயரில் இதை ஓட்டிப் பார்த்தது. 1986-இல் இத்தாலியின் மோன்சாவில் ஹான்ஸ் யோக்கிம் ஸ்டக்கும் டெரெக் பெல்லும் பி.டி.கே. பொருத்திய 962-இல் வென்றார்கள். ஆனாலும் அந்தக் கியர்பாக்ஸ் கனமானது, அடிக்கடி படுத்தும். சாதாரணக் காரில் வைக்கும் நிலையை அது எட்டவில்லை.

2003-இல்தான் இரட்டைக் கிளட்ச் ஷோரூமுக்கு வந்தது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில் டி.எஸ்.ஜி. என்ற பெயரில் ஆறு கியர்களோடு அது அறிமுகமானது. உள்ளே போர்க்வார்னர் நிறுவனத்தின் வெட் கிளட்ச். டி.கியூ.250 என்ற குறியீடு கொண்ட அந்தக் கியர்பாக்ஸ் 350 நியூட்டன் மீட்டர் டார்க்கைத் தாங்கக்கூடியது. இரட்டைக் கிளட்சில் ஆறு சிலிண்டர் எஞ்சினின் இழுவையை உலர்ந்த தட்டுகளிடம் ஒப்படைக்கும் துணிவு அன்று யாருக்கும் இல்லை. ஆக, டிரை கிளட்ச் பழையது, வெட் கிளட்ச் பின்னால் வந்த மேம்பாடு என்று பலரும் நினைப்பது வரலாற்றின்படி தவறு. சாலைக் கார்களின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் முதலில் வேரூன்றியது வெட் கிளட்ச்தான்.

டிரை கிளட்ச் ஐந்து ஆண்டுகள் கழித்து, 2008-இல் வந்தது. டி.கியூ.200 என்ற ஏழு கியர் டி.எஸ்.ஜி., லூக் நிறுவனத்தின் டிரை கிளட்சோடு, 250 நியூட்டன் மீட்டர் வரை டார்க் தரும் சிறிய எஞ்சின்களுக்காக வடிவமைக்கப்பட்டது. எடை சுமார் 70 கிலோ. கியர்களை நனைக்க 1.7 லிட்டர் எண்ணெய் போதும்; பழைய வெட் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு ஆறு லிட்டருக்கு மேல் தேவைப்பட்டது. இந்த மாற்றத்தை உந்தியது ஐரோப்பாவின் சட்டம். கார் நிறுவனங்கள் விற்கும் புதிய கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு உமிழ்வை 2015-க்குள் கிலோமீட்டருக்கு 130 கிராமாகக் குறைக்க வேண்டும் என்று 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. அதற்கான விவாதம் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கிராமும் கணக்கில் வந்த அந்த நேரத்தில், எண்ணெய்ப் பம்ப்பின் சுமையைக் குறைப்பது கைக்கெட்டிய ஆதாயமாகத் தெரிந்தது.

உமிழ்வை அளந்த சோதனை முறையையும் இங்கே கவனிக்க வேண்டும். அன்றைய ஐரோப்பியச் சோதனை 1,180 விநாடிகள் நீடித்தது. கார் ஓடும் தூரம் சுமார் 11 கிலோமீட்டர். அறையின் வெப்பநிலை 20 முதல் 30 டிகிரி செல்சியஸ். அந்த முழுத் தூரத்திலும் கார் நின்று கிளம்புவது 13 முறைதான். ஏற்றம் கிடையாது. டிரை கிளட்சின் பலம் முழுவதும் வெளிப்பட்டு, பலவீனம் எதுவும் வெளிப்படாத சோதனை அது.

சிறிய எஸ்யூவிகளின் அலை எழுந்ததும் இதே ஆண்டுகளில்தான். 2009-இல் வந்த ஸ்கோடா எட்டி ஒரே வண்டியில் இரண்டு மரபுகளையும் காட்டியது: 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு டிரை கிளட்ச், நான்கு சக்கரங்களும் இயங்கும் 2 லிட்டர் டீசலுக்கு வெட் கிளட்ச். ரெனோ 2013-இல் கொண்டுவந்த கேப்சரில் கெட்ராக் நிறுவனத்தின் ஆறு கியர் டிரை கிளட்ச் அமர்ந்தது. ஃபோர்டு அதே கெட்ராக் குடும்பத்து கியர்பாக்ஸை பவர்ஷிஃப்ட் என்ற பெயரில் ஈக்கோஸ்போர்ட்டில் வைத்தது. ஹோண்டா 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட வெஸல் ஹைபிரிட்டில் ஏழு கியர் டிரை கிளட்ச் இருந்தது. ஐரோப்பியச் சிறு கார்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட ஒரு பாகம், அவற்றைவிட உயரமும் எடையும் கூடிய வண்டிகளில் ஏறி, சாங்காய்க்கும் சென்னைக்கும் கொழும்புக்கும் போய்ச் சேர்ந்தது.

அங்கே என்ன நடக்கும் என்பதைச் சிறிய கணக்கு ஒன்று காட்டும். கிளட்ச் வழுக்கிப் பிடித்து நின்ற காரைக் கிளப்பும்போது, எஞ்சினின் வேகம் மாறாமல் இருந்தால், கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் கிளட்சில் வெப்பமாக மாறும். 1,300 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது அது ஏறக்குறைய 5,000 ஜூல். ஒரு முறை என்றால் இது ஒன்றுமில்லை. நெரிசலில் ஒரு மணி நேரத்தில் நூறு முறை நகர்ந்து நின்றால் 5 லட்சம் ஜூல். பத்து கிலோ இரும்பில் இந்த வெப்பம் முழுவதும் தங்கினால் அதன் வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல் உயரும். காரின் வேகம் இல்லாததால் காற்றோட்டமும் இல்லை. எஞ்சின் அறையோ ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்போது கார் நகர்வதே இல்லை. எஞ்சின் தரும் சக்தி முழுவதும் கிளட்சில் வெப்பமாகிறது. டார்க் கன்வெர்ட்டர் உள்ள காரில் இதே பழக்கம் எண்ணெயைச் சூடாக்குவதோடு நின்றுவிடும்.

முதல் பெரிய அதிர்ச்சி சீனாவில் ஏற்பட்டது. டி.கியூ.200 பொருத்திய கார்கள் குலுங்குகின்றன, ஓட்டத்தின் நடுவே இழுவையை இழக்கின்றன என்று உரிமையாளர்கள் சில ஆண்டுகளாகவே முறையிட்டுவந்தார்கள். 2013 மார்ச் 15 அன்று, நுகர்வோர் தினத்தை ஒட்டிச் சீன அரசுத் தொலைக்காட்சி ஆண்டுதோறும் நடத்தும் நிகழ்ச்சியில் இது அம்பலமானது. சில நாட்களில் ஃபோக்ஸ்வாகன் சீனாவில் 3,84,181 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் கார்களின் கியர்பாக்ஸில் இருந்த செயற்கை எண்ணெயை வடித்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்ற முடிவெடுத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நின்று நின்று ஓடும் கார்களில், அந்தச் செயற்கை எண்ணெயால் மின்கோளாறு ஏற்பட்டு இழுவை அற்றுப்போகக்கூடும் என்பதே காரணம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழுதின் ஊற்று கிளட்சின் உராய்வுத் தட்டு அல்ல. கியர்பாக்ஸின் எண்ணெயும் மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டு அலகும்தான். ஆனால் மக்கள் மனத்தில் டிரை கிளட்ச் என்ற சொல்லுக்கே கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது.

ஃபோர்டின் கதை தமிழ்நாட்டோடு நேரடியாகத் தொடர்புடையது. 2013 ஜூனில் இந்தியாவில் அறிமுகமான ஈக்கோஸ்போர்ட், செங்கல்பட்டை அடுத்த மறைமலை நகர் ஆலையில் தயாராகி உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் விற்பனையானது. அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு ஆறு கியர் பவர்ஷிஃப்ட் கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போன ஈக்கோஸ்போர்ட்களும் மறைமலை நகரில் தயாரானவையே. அங்கே ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈக்கோஸ்போர்ட் ஆகிய மூன்றிலும் இந்தக் கியர்பாக்ஸ் அதிர்வதாகவும் இழுவை இழப்பதாகவும் புகார்கள் குவிந்தன. உள்ளீட்டு ஷாஃப்டின் சீல் வழியாக எண்ணெய் கசிந்து, உலர்ந்திருக்க வேண்டிய தட்டின்மீது படிந்ததால் அதிர்வு வந்தது. கட்டுப்பாட்டு அலகின் மின்னிணைப்புகளிலும் குறை இருந்தது. கார் அதிர்வதற்கு உங்கள் ஓட்டும் முறையே காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்டது. கோளாறு இருப்பது 2013-லிருந்தே நிறுவனத்துக்குத் தெரியும் என்று ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் எடுத்துக்காட்டியது. புகார்களைக் கையாண்ட விதம் மனசாட்சிக்கு விரோதமானது என்று தீர்மானித்த ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம், 2018 ஏப்ரலில் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பொறியியலில் எந்த நிறுவனமும் தவறு செய்யும். தவறு தெரிந்த பிறகும் பழியை ஓட்டுநரின் காலடியில் போட்டதுதான் இந்த வரலாற்றின் வேதனையான பக்கம்.

இந்தியாவில் 2017 நவம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஈக்கோஸ்போர்ட் வந்தபோது இரட்டைக் கிளட்ச் காணாமல் போயிருந்தது. அதன் இடத்தில் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். மறைமலை நகர் ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தும்வரை அந்த ஏற்பாடே நீடித்தது.

ஹோண்டா வெஸலின் கதையில் தமிழர்கள் பலருக்குச் சொந்த அனுபவம் இருக்கும்; அது இலங்கையில் மிகப் பரவலாக ஓடும் வண்டி. ஹைபிரிட் கார்களுக்கு வரிச்சலுகை இருந்த காலத்தில் ஜப்பானிலிருந்து வெஸலும் அதே கியர்பாக்ஸ் கொண்ட ஃபிட் ஹைபிரிட்டும் ஏராளமாக இறங்கின. அந்தக் கியர்பாக்ஸில் மின்மோட்டார் ஒற்றைப்படை கியர்களின் ஷாஃப்டோடு இணைந்திருக்கும். பேட்டரியில் போதிய சார்ஜ் இருந்தால் கார் மோட்டாரின் இழுவையிலேயே கிளம்பும், கிளட்ச் வழுக்க வேண்டியதில்லை. டிரை கிளட்சின் பலவீனத்துக்கு அழகான விடை அது. ஆனால் மென்பொருள் கைகொடுக்கவில்லை. 2013 இலையுதிர்காலத்தில் தொடங்கி ஓராண்டுக்குள் ஃபிட் ஹைபிரிட் ஐந்து முறை திரும்ப அழைக்கப்பட்டது. தொடக்கத்தில் வந்த அழைப்புகள் கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டு நிரல் தொடர்பானவை. 2014 பிப்ரவரியில் வெஸலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஹோண்டாவின் உயர் அலுவலர்கள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால், ஏற்கெனவே இறங்கிய வெஸல்கள் மேலும் பல ஆண்டுகள் ஓட வேண்டியிருந்தது. கண்டி போன்ற மலைப்பகுதிகளிலும் கொழும்பு நெரிசலிலும் ஓடிய அந்த வண்டிகளுக்குக் கிளட்ச் மாற்றுவதும், மாற்றிய பின் அதைக் கணினியில் பழக்கப்படுத்துவதும் ஹைபிரிட் பழுதுபார்ப்போரின் வழக்கமான வேலையாகிவிட்டன. 2021-இல் வந்த இரண்டாம் தலைமுறை வெஸலில் ஹோண்டா இரட்டைக் கிளட்சை அடியோடு கைவிட்டு, இரண்டு மோட்டார் ஹைபிரிட் முறைக்கு மாறியது.

இந்த மூன்று கதைகளையும் அருகருகே வைத்தால், ஒன்றில் எண்ணெய், ஒன்றில் சீல், ஒன்றில் நிரல் என்று பழுதுகள் வெவ்வேறாக இருப்பது தெரியும். ஆனாலும் டிரை கிளட்ச் குற்றமற்றது என்று விட்டுவிட முடியாது. வெப்பத்தைத் தாங்க அதற்கு இருக்கும் இடம் குறைவு; அதனால் மற்ற எந்தப் பிசகையும் பொறுத்துக்கொள்ளாது. சிறிது எண்ணெய் கசிந்தால் வெட் கிளட்சுக்கு எந்தக் கேடும் இல்லை, டிரை கிளட்சுக்கு அதுவே முடிவு. பிடிக்கும் கணத்தை நிரல் சற்றுத் தவறவிட்டால் வெட் கிளட்சில் எண்ணெய் அந்த உதறலை மெத்தென்று மறைத்துவிடும். டிரை கிளட்சில் அது ஓட்டுநரின் இருக்கைக்கே வந்து சேரும்.

கார் நிறுவனங்கள் எடுத்த முடிவுகளில் இந்தப் பாடம் தெரிகிறது. கெட்ராக் தன் அடுத்த தலைமுறைச் சிறிய கியர்பாக்ஸான ஏழு கியர் 7டி.சி.டி.300-ஐ வெட் கிளட்சோடு வடிவமைத்தது. எண்ணெயை எப்போதும் சுற்றவிடாமல், தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் மின்பம்ப்பால் அனுப்பும் முறை வந்ததால், எரிபொருளில் டிரை கிளட்சுக்கு இருந்த முன்னிலை சுருங்கிப்போனது. 2019-இல் வந்த இரண்டாம் தலைமுறை கேப்சரிலும் நிசான் ஜூக்கிலும் இந்த வகை இடம்பெற்றது. ஐரோப்பாவில் ஈக்கோஸ்போர்ட்டின் இடத்தைப் பிடித்த ஃபோர்டு பூமாவுக்கும் வெட் கிளட்ச் கொண்ட ஏழு கியர் இரட்டைக் கிளட்சே கிடைத்தது.

எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடவில்லை. ஹூண்டாயும் கியாவும் ஏழு கியர் டிரை கிளட்சை விடாமல் வைத்திருக்கின்றன. மின்மோட்டார்களால் இயங்கும் அந்தக் கிளட்சும் தொடக்கத்தில் தடுமாறியது: 2016-இல் அமெரிக்காவில் டூசானின் 1.6 டர்போ மாடலை, ஆக்சிலரேட்டரை மிதித்தும் கார் நகரத் தயங்குவதற்காகத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2019 மே மாதம் வெளிவந்த வென்யூ, 1 லிட்டர் டர்போ எஞ்சினோடு இந்தக் கியர்பாக்ஸை நான்கு மீட்டருக்குட்பட்ட எஸ்யூவிக்குள் கொண்டுவந்தது. கிரெட்டா, செல்டோஸ், சோனெட் அதைத் தொடர்ந்தன. கிளட்ச் அளவுக்கு மீறிச் சூடானால் இவற்றின் மீட்டரில் எச்சரிக்கை தோன்றும். ஏற்றத்தில் பிரேக்கை மிதித்து நிற்குமாறு கார் சொல்லும். பெரிய எஞ்சின்களுக்கு வரும்போது ஹூண்டாயே எட்டு கியர் வெட் கிளட்சுக்கு மாறிவிட்டது. ஃபோக்ஸ்வாகன் குழுமமும் 2021-இல் வந்த குஷாக், டைகுன் ஆகியவற்றின் 1.5 டர்போவுக்குத் திருத்தப்பட்ட டி.கியூ.200-ஐயே வைத்தது. அந்த எஞ்சினின் டார்க் 250 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸின் வரம்பும் அதுதான்.

டாடா இந்தத் துறைக்குத் தாமதமாக வந்தது, வந்தபோது வெட் கிளட்சையே தேர்ந்தெடுத்தது. 2022 மார்ச்சில் ஆல்ட்ரோஸ் காரில் ஆறு கியர்களோடு தொடங்கி, 2023 செப்டம்பரில் நெக்ஸானில் ஏழு கியர்களாக்கியது. 2024-இல் கர்வ் டீசலிலும் அதை இணைத்தது. நெக்ஸானின் டர்போ பெட்ரோல் எஞ்சின் தருவது 170 நியூட்டன் மீட்டர்தான். டார்க்கை மட்டும் பார்த்தால் டிரை கிளட்ச் தாராளமாகப் போதும். ஆகவே வெட் கிளட்சைத் தீர்மானித்தது எஞ்சினின் வலிமை அல்ல, சாலையும் வெயிலும் நெரிசலும்தான் என்று கொள்ளலாம். இந்தியச் சூழலுக்கு இது சரியான முடிவு.

வெட் கிளட்சுக்கும் விலை உண்டு. எடை கூடும், பாகங்கள் அதிகம், கிளட்சின் துகள் கலந்த எண்ணெயைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். டி.கியூ.250-க்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுவது விதி. செலவை நினைத்துப் பலர் தள்ளிப்போடும் வேலை அது. பழைய வண்டி வாங்குவோர் வெட் கிளட்ச் என்றால் அந்த எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். டிரை கிளட்ச் என்றால் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஓர் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பார்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியை வெற்றுச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.